வேப்பங்கொப்பு சொன்ன செய்தி



இந்தக் கருத்தரங்குக்காகக் காலையில் திருநெல்வேலியிலிருந்து தேவர்குளம், பனவடலிசத்திரம் வழியாக வந்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் லாரி ஒன்று பழுதாகி நின்றது. அதற்கு இருபதடி பின்னால் நாலு கல், மேலே ஒடித்துப் போட்ட வேப்பங்கொப்பு. அதற்கும் முன்பே, எதிரே வந்த பேருந்துக்காரர் விளக்கை இரண்டு தடவை அடித்துக் காட்டிவிட்டார். எங்கள் வண்டி நிதானித்தது. வண்டிக்கு வண்டி கம்பியில்லாமல் பேசும் வித்தை நம் ஓட்டுநர்களுக்குப் புதிதில்லை.

வண்டிகள் தமக்குள் பேசிக்கொள்ள இங்கே நீங்கள் ஆராயும் கருவி அதையே ரேடியோ அலையில் செய்கிறது. எங்கே இருக்கிறேன், எந்தப் பக்கம் போகிறேன், என்ன வேகம், பிரேக் பிடித்தேனா என்று நொடிக்குப் பத்து முறை சொல்கிறது. சுமார் 300 மீட்டருக்குள் இருக்கும் வண்டிகள் கேட்டுக்கொள்ளும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளுக்கு அந்த 300 மீட்டர் ஏழரை நொடிதான்.

அமெரிக்கா 1999இலேயே 5.9 கிகாஹெர்ட்ஸில் 75 மெகாஹெர்ட்ஸை இதற்கென ஒதுக்கியது. வண்டிகள் பேசியபாடில்லை. 2020இல் அதில் 45ஐ வைஃபைக்கு எடுத்துக்கொடுத்தார்கள். பத்தில் ஒரு வண்டிக்குக் கருவி இருந்தால், எதிர்ப்படும் இரண்டிலும் அது இருப்பது நூற்றில் ஒரு தடவை. காசு போட்டு முதலில் வாங்கியவருக்குப் பேச்சுத்துணை கிடைக்காது. போதாக்குறைக்கு, இந்த 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுமை லாரி ஒன்று குறுக்கே வந்தாலே தடுமாற்றம். ஜப்பானில் 2015இல் டொயோட்டா கொண்டுவந்த ஏற்பாடு 760 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. முக்குத் திரும்பும் குணம் அதற்குக் கூடுதல்.

இந்தியச் சாலைகளில் 2022இல் 1,68,491 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம்: 64,105. ஆனால் என் மேசைக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களில் பெரும்பாலும் காரும் காரும்தான் பேசிக்கொள்கின்றன! டி.வி.எஸ். எக்ஸ்.எல். பின்னால் தீவனக்கட்டை வைத்து வருகிறவரிடம் கருவி ஏது? கிடை மாற்றும் ஆட்டு மந்தையிடம்தான் ஏது?

கைப்பேசி போதுமே என்பீர்கள். அதன் இடங்காட்டி ஐந்து மீட்டர் பிசகினால், ஏழு மீட்டர் அகலச் சாலையில் ஓரமாகப் போகிறவர் எதிரே வருவதாக ஆகிவிடும். இப்படிக் கருவி பத்து முறை வீணாகக் கத்தினால் பதினோராம் முறை ஓட்டுநர் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

எனக்குத் தோன்றுவது இது. 2019 ஜனவரி முதல் பதிவாகும் பேருந்துகளுக்கு இடங்காட்டியும் அவசரப் பொத்தானும் விதிப்படி வேண்டும். அவற்றோடு கேமராவும் ரேடியோவும் சேரட்டும். பேருந்து தன்னைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. முன்னால் போகும் எக்ஸ்.எல்.லையும் மந்தையையும் கண்டு, பின்னால் வருகிறவர்களுக்கு அவற்றுக்காகப் பேச வேண்டும். ஆனால் கேட்கிற வண்டியிலும் கருவி வேண்டுமே என்ற சிக்கல் அப்போதும் தீராது. வேப்பங்கொப்பைப் பார்க்கக் கண் இருந்தால் போதும். சாலையோரக் கம்பத்தில் எரிந்தணையும் விளக்கு ஒன்றுக்குப் பேருந்தின் செய்தியை அனுப்புவதாக ஒரு மாணவியின் கட்டுரை வந்திருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் அது கடைசியில் இருக்கிறது. அமைப்பாளர்கள் மன்னிக்கவும், முதலில் அதையே கேட்போம்.