கேட்டவர் பதித்த இசை



1941ஆம் ஆண்டு மே மாதம். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில், 118ஆம் தெருவில் இருந்த ‘மிண்டன்ஸ் பிளேஹவுஸ்’ என்ற சிறிய இரவு விடுதிக்கு ஜெர்ரி நியூமன் என்னும் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒரு கருவியைச் சுமந்து வந்தார். ஒலிநாடா அமெரிக்கக் கடைகளுக்கு வராத காலம் அது. அரக்குப் பூசிய தட்டில் ஊசி நேரடியாகக் கீறிப் பதியும். அழித்துத் திருத்த வழியில்லை. எந்த இசைத்தட்டு நிறுவனமும் அவரை அனுப்பவில்லை. அவர் ஒரு ரசிகர், அவ்வளவே.

அங்கே கிடார் வாசித்தவர் சார்லி கிறிஸ்டியன். அப்போது வயது 24. 1939 முதல் பென்னி குட்மன் குழுவில் மின்கிடாரால் புகழ் பெற்றிருந்தார். ஆயினும் அந்நாளைய பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். அதில் பலருக்கும் பங்கு உண்டு. ‘சோலோ ஃபிளைட்’ போன்ற விதிவிலக்கை நீக்கினால், அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். நான்கடிக்குள் வெண்பாவை முடிக்கும் கவிஞர்களுக்கு அச்சுருக்கத்தின் அழகு தெரியும். ஆனால் காவியம் பாட வல்லவனுக்கு என்றும் நான்கடியே என்றால்?

நியூமனின் தட்டு அந்த வேலியை எடுத்துவிட்டது. பின்னாளில் ‘ஸ்விங் டு பாப்’ என்று பெயரிடப்பட்ட பதிவு எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. மெட்டு ‘டாப்ஸி’ என்ற பழைய பாட்டுடையது. ‘பாப்’ என்ற சொல்லோ அன்று அந்த இசைக்கு வழங்கவில்லை. மெட்டின் 32 தாள அளவுகளை ஒரு சுற்று என்பார்கள். சுற்றின் முதற்பகுதியில் கிறிஸ்டியன் சிறு சொற்றொடர்களை மடக்கி மடக்கி வாசிக்கிறார். நடுப்பகுதி வந்ததும் மூச்சு விடாத நெடிய வரிகளாக ஓடுகிறார். அடுத்த சுற்றில் அதே இடம் மீண்டும் வருகிறது. வேறொரு வழியில் கடக்கிறார். அவர் மனம் செயற்படும் விதம் வெளிப்படுவது இந்தத் திரும்பி வரும் இடங்களில்தான். மூன்று நிமிடத் தட்டில் இதற்கு இடமேயில்லை. பின்னால் கென்னி கிளார்க், காலத்தைத் தட்டத்தில் ஓடவிட்டுப் பெருமுரசை எதிர்பாராத இடங்களில் அதிரவைக்கிறார். கிடார் அதற்கு விடை சொல்கிறது.

விடுதியின் ஆரவாரமும் பதிவில் கேட்கிறது. அதைக் குறையென்பவர்கள் தூய பதிவுகளையே கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரு கேள்வி மட்டும் எளிதில் தீராது. இரவுதோறும் சக கலைஞர்களுக்காகத் தயக்கமின்றிச் சோதனை செய்து பார்த்த வாசிப்பு இது. உலகம் கேட்கட்டும் என்று அவர்கள் அன்று வாசிக்கவில்லை. தட்டுகள் விற்பனைக்கு வந்தபோது கிறிஸ்டியனிடம் இசைவு கேட்கவும் வழியில்லை. 1941 கோடையிலேயே காசநோய் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டது. 1942 மார்ச் 2 அன்று, 25ஆம் வயதில், ஸ்டேட்டன் தீவில் இறந்தார்.

அந்தப் பதிவுக்கு முறையான தொடக்கம் இல்லை. ஊசி தட்டைத் தொடும்போது கிறிஸ்டியன் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கிறார்.