'சாட்டர்னைன்': ஒரு சொல்லின் வரலாறு



ஆங்கிலத்தில் 'சாட்டர்னைன்' என்றொரு சொல் உண்டு. முகம் வாடி, சிரிப்பின்றி, பேச்சுக் குறைந்து இருப்பவரை அச்சொல்லால் குறிப்பர். அதன் வேர் 'சாட்டர்ன்'. நாம் சனி என்று வழங்கும் கோள்தான் அது. துயரத்துக்கும் சனிக்கும் முடிச்சுப் போட்டவர்கள் நாம் மட்டும் அல்லோம் என்பதை அச்சொல் காட்டுகிறது.

அம்முடிச்சு விழுந்த வகை யாது? பண்டையோர் வெறுங்கண்ணால் கண்டறிந்த ஐந்து கோள்களுள் மிகத் தொலைவில் இருப்பது சனி. அது ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. தொலைவில் உள்ளது குளிர்ந்தது, மெல்ல நகர்வது சோர்ந்தது என்று மேலைச் சோதிடர் எண்ணினர். அக்கோளின் ஆட்சியில் பிறந்தோரும் அத்தகையோரே என்று முடிவும் கட்டினர். ஜோவ் என்னும் வியாழனுக்கு உரியவர் 'ஜோவியல்', அதாவது களிப்புடையவர். மெர்க்குரி என்னும் புதனுக்கு உரியவர் 'மெர்க்குரியல்', நொடிக்கு நொடி மனம் மாறுபவர். நம் வழக்கிலும் சனிக்கு மந்தன் என்று பெயர். மெல்ல நடப்பவன் என்பதே சனைச்சரன் என்ற வடசொல்லின் பொருள். காரி என்பதும், புறநானூறு கூறும் மைம்மீன் என்பதும் கருமை பற்றி வந்த பெயர்கள்.

ஆனால் ரோமருக்குச் சாட்டர்ன் விதைப்பின் தெய்வம். டிசம்பர் 17-ஆம் நாள் தொடங்கிய அத்தெய்வத்தின் திருவிழாவில் ஆண்டைகளே அடிமைகளுக்கு உணவு பரிமாறியதும் உண்டு. எங்கும் சிரிப்பும் பரிசும் நிறைந்திருக்கும். நமக்கும் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கின் சுகமான நாள் அன்றோ? எனவே, துயரம் அப்பெயருடன் பிறந்ததன்று. மனிதர் ஏற்றி வைத்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. பழைய இரசவாதிகள் காரீயத்தைச் சனியின் உலோகம் என்றனர். அதனால் மேலை மருத்துவம் காரீய நஞ்சால் வரும் நோயைச் 'சாட்டர்னிசம்' என்று அழைத்தது. அந்நோயுற்றவர் சோர்வும் எரிச்சலும் மனவாட்டமும் கொள்வர். அவர்களை வருத்தியது வானத்துக் கோள் அன்று. உடலில் புகுந்த உலோகம். காரணம் தெரிந்த பிறகே, காக்கும் வழியும் பிறந்தது.

நிற்க. நம் குடியிருப்புக்கு வருவோம். மாற்றலாகி வந்த தந்தையுடன் மூன்றாவது பள்ளியில் சேர்ந்த சிறுவன் விளையாட வராமல் ஒதுங்கி நிற்கிறான். புதிதாக மணமாகி வந்த பெண், அண்டை வீட்டார் மொழி அறியாது, நாள் முழுதும் வாய் திறவாது இருக்கிறாள். அவனைச் 'சனியன்' என்கிறோம். அவளுக்கு 'ஏழரை' என்கிறோம். சொல்லிவிட்டதும் நம் கடமை தீர்ந்ததாக எண்ணுகிறோம். பெயர் சூட்டுதல் எளிது. அருகமர்ந்து காரணம் வினவுதல் அரிது. கோளின் மேல் பழி போட்டுவிட்டால், மனிதர் செய்ய வேண்டிய உதவி நின்றுவிடுகிறது. வாட்டம் நீடித்தால் மருத்துவரை நாடவும் நாம் கூசலாகாது.

1610-இல் கலிலியோ தொலைநோக்கியால் சனியைக் கண்டார். அதன் தோற்றம் அவருக்கு விளங்கவில்லை. அதைச் சூழ்ந்திருப்பது வளையம் என்று 1659-இல் ஹைகன்ஸ் விளக்கினார். கருமையின் பெயர் பூண்ட அக்கோள் கண்ணைக் கவரும் பேரழகுடையது என்பதை உலகம் அறிந்தது. வாடிய முகங்களையும் நாம் இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போமாக!