பையைத் தடவும் கை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மதுரையிலிருந்து ரயிலில் வந்தேன். 2010 கடைசியில் நின்ற ரயில் 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது. 12 வருஷம் பொறுத்த ஊர் நம்ம ஊர்! ஆனால் என் பொறுமையைக் கேளுங்கள். நேற்று போடிமெட்டுக்கு ஜீப்பில் ஏறினேன், கைபேசியை அறையிலேயே மறந்துவிட்டேன். நாலாவது கொண்டை ஊசி வளைவுக்குள் கை மூன்று தடவை சட்டைப் பையைத் தடவியது. மொத்தம் 17 வளைவு, மீதியை நீங்களே கணக்குப் போடுங்கள்.

இந்தப் பதற்றத்துக்கு 'நோமோஃபோபியா' என்று 2008-இல் இங்கிலாந்தில் பெயர் வைத்தார்கள். 2015-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் யில்டிரிம், கொரியா என்ற இருவர் இதை அளக்க 20 கேள்விகள் தயாரித்தார்கள். அதில் நாலு பயங்கள் உண்டு: பேச முடியாமல் போவது, தொடர்பு அறுந்து போவது, தகவல் கிடைக்காதது, வசதி போவது.

இதைப் படிக்கும் முன்பே ஒரு தப்புப் பண்ணினேன். நான் வேலை பார்க்கும் கல்லூரியில் ஒரு தேர்வுக் காலம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விடுதிப் பிள்ளைகளின் கைபேசிகளையெல்லாம் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். ஒரு பெண் மட்டும் அழுதாள். "இன்ஸ்டாகிராம் பைத்தியமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் சொன்னாள்: "சார், எங்கம்மா மலையில ஏலக்காய் எடுக்கிறாங்க. வேலை முடிஞ்சு பாறைமேட்டுல ஏறினாத்தான் சிக்னல் கிடைக்கும். ஏழு மணிக்குப் பேசுவாங்க. எடுக்கலைன்னா இருட்டுல அங்கயே நிப்பாங்க."

அன்றைக்கு ஏழு மணி தாண்டியிருந்தது.

பெட்டியைத் திறந்துவிட்டேன். அவளிடம் இருந்தது அந்த நாலில் முதல் பயம். என் கை சட்டைப் பையைத் தடவியது எந்தப் பயம் என்று இன்னும் எனக்கே பிடிபடவில்லை! இரண்டையும் ஒரே நோய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதற்காகக் கைபேசியை மேஜை மேலேயே வைத்துப் படியுங்கள் என்று சொல்ல வரவில்லை. 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு. கைபேசி பக்கத்து அறையில் இருந்தவர்கள், மேஜையில் வைத்திருந்தவர்களைவிட நினைவாற்றல், சிந்தனைத் திறன் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். மேஜையில் இருந்த கைபேசி சத்தமே போடவில்லை. பிறகு செய்த சில ஆய்வுகளில் இது அவ்வளவு தெளிவாக வரவில்லை. இருந்தாலும் செலவில்லாத வைத்தியம்தானே என்று நானும் முயற்சி செய்கிறேன்.

ராத்திரி விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால், என் கைபேசி சமையலறையில் மிளகாய் டப்பா பக்கத்தில் கிடக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எழுந்து போனால் வீட்டுக்காரம்மா சிரிப்பார். முதல் வாரம் தினமும் சிரித்தார். போன வாரம் இரண்டு நாள்தான்.