காப்பீட்டுத் தாளின் பொடி எழுத்துகள்



மருத்துவக் காப்பீடு எடுத்தவரிடம் தொகை எவ்வளவு என்று வினவினால், 5 லட்சம் என்று உடனே விடை வரும். அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்றால் மௌனமே விடை. உழைப்பாளியின் சேமிப்பு கரைவது அவ்விடத்தில்தான்.

பல பாலிசிகளில் ஒரு நாள் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காடு. 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய். மருத்துவமனை 10,000 ரூபாய் அறையைத் தருகிறது. கூடுதல் வாடகை மட்டுந்தானே என்று குடும்பம் இசைகிறது. நிறுவனமோ மருத்துவர் கட்டணம், அறுவைச் சிகிச்சைக் கட்டணம் ஆகியவற்றையும் பாதியாக வெட்டுகிறது. மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி ஆகியவற்றில் இவ்வாறு வெட்டக் கூடாது என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அதை அறிந்து கணக்கை வரிவரியாகப் பார்ப்பவர் எத்தனை பேர்?

2024 முதல் எளிய நடையில் தகவல் தாள் தரப்பட வேண்டும். கேட்டால் வட்டார மொழியிலும் தர வேண்டும். கேட்கலாம் என்பதை யார் சொல்வது? கமிஷன் பெறும் முகவரா?

2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டமும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்கிறது. புறநோயாளிச் சிகிச்சை அதில் அடங்காது. சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் வாங்கும் மாத்திரை கைக்காசுதான். அட்டையை நம்பி மருந்துக்கடைக்குச் சென்று திரும்பும் முதியவரை அறியாதவர் எனப் பழிப்பது முறையன்று. விளம்பரம் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

க்ளைம் மறுக்கப்பட்டால் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையேல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஓராண்டுக் கெடு உண்டு. கிளைதோறும் இம்மனுவை எழுதித் தரத் தெரிந்த தோழர் ஒருவராவது வேண்டும்.