கடல் கடந்த ஐந்து சகோதரிகள்



கன்னியர் மடத்தில் சேர்ந்த மகளை மறைப்பணிக்காக வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றதும், "பாஷைகூடத் தெரியாதே, அங்கே போய் என்ன செய்வாள்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

1818ஆம் ஆண்டு பிரான்சின் போர்தோ துறைமுகத்திலிருந்து திருஇருதய சபைச் சகோதரிகள் ஐவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். தலைமையேற்றவர் புனித ரோஸ் பிலிப்பின் துஷேன். வயது 48. (நம் ஊரில் அந்த வயதில் பேரப்பிள்ளையை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவோம்!) ஏறத்தாழப் பத்து வாரக் கடல் பயணம். பூர்வகுடி மக்களிடையே பணிசெய்வதே அவரது ஆசை. ஆயரோ மிசூரி ஆற்றங்கரையில் செயின்ட் சார்லஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பினார். கீழ்ப்படிந்து அங்கே ஏழைப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஆங்கிலமே அவருக்குச் சரியாக வரவில்லை.

ஆசை நிறைவேற 23 ஆண்டுகள் ஆயின. 1841இல் கான்சாஸ் பகுதியிலுள்ள சுகர் கிரீக்கில் வாழ்ந்த பொத்தவாத்தமி மக்களிடம் வேறு சில சகோதரிகளோடு சென்றபோது வயது 71. அவர்கள் மொழி கடைசிவரை நாவில் ஏறவில்லை. மற்றவர்கள் கற்பித்தார்கள். இவர் நற்கருணைநாதர்முன் மணிக்கணக்காக முழந்தாளில் இருந்தார். ஓராண்டில் உடல்நலம் குன்றவே திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

ஆண்டறிக்கையில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? அந்த மக்கள் எழுதிவிட்டார்கள். "எப்போதும் செபிக்கும் பெண்" என்றே அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். திருநாள் நவம்பர் 18. வெளிநாடுகளில் பணிசெய்யும் நம் சகோதரிகளுக்காக அன்று வீட்டில் ஒரு செபமாலை சொல்லுங்கள்.