லாரி எஞ்சினில் எழும் தட்டொலி

(விருத்தாசலத்தில் நடைபெற்ற சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கணம் போதிப்பவன் லாரி எஞ்சினைப்பற்றிப் பேச எழுந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். நம்மவர் பலர் நிலத்தை ஈடு வைத்தும் தவணைக் கடன் பெற்றும் லாரி வாங்கியிருக்கின்றனர். நெய்வேலிப் பக்கத்துக் களிமண் இங்கு வருவதும், இவ்வூர்ப் பீங்கான் பொம்மையும் அகல்விளக்கும் ப்யூஸ் கேரியரும் வெளியூர் செல்வதும் அத்தகைய வண்டிகளாலேயாம். வண்டி ஒரு மாதம் பட்டறையில் நிற்கலாம், தவணை நிற்பதில்லை. ஆதலின் இது குடும்ப விஷயமேயாகும்.

நம்மவருள் ஒருவருடைய வண்டியில் ‘டக்டக்’கென்று ஒலி எழுந்தது. “பேரிங் போய்விட்டது” என்று ஒரு பட்டறையில் எஞ்சினை இறக்கிவிட்டனர். பிரித்துப் பார்க்க, பேரிங்குகள் யாவும் செம்மையாகவே இருந்தன. குற்றம் டீசலைத் தெளிக்கும் நாசில் ஒன்றில் இருந்தது. மற்றொருவரோ, “டீசல் வண்டி சத்தமிடாதா?” என்று ஓட்டிக்கொண்டே போனார். கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தது. முன்னவர்க்குக் கூலி நஷ்டம். பின்னவர்க்கு எஞ்சினே நஷ்டம். ஒலியை முறையாகக் கேளாமையே இரண்டிற்கும் காரணம்.

கேட்டறிதல் இவ்வூரார்க்குப் புதியதன்று. சூளையினின்று எடுத்த பீங்கானை விரலாற் சுண்டுகிறோம். கணீரென்றால் நன்று, ஒலி மழுங்கினால், கண்ணுக்குப் புலனாகாத கீறல் உண்டென்று ஒதுக்குகிறோம். எஞ்சினையும் அவ்வண்ணமே கேட்டல் வேண்டும்.

டீசல் எஞ்சினில் ஓரளவு தட்டொலி இயற்கை. பெட்ரோல் எஞ்சினிற்போல் இதில் மின்பொறி கிடையாது. ருடால்ப் டீசல் என்பார் ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரில் 1897ஆம் ஆண்டில் வெற்றிபெறச் செய்துகாட்டிய எஞ்சினின் வழிவந்தது இது. காற்றை மட்டும் இழுத்து, பதினாறில் ஒரு பங்களவாக அமுக்க, அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேற் சூடேறுகிறது. அதனுள் தெளித்த டீசல் அக்கணமே பற்றுவதில்லை. இமைப்பொழுதினுங் குறைந்த தாமதம் ஒன்றுண்டு. அத்தாமதம் நீண்டால், அதுவரை சேர்ந்த டீசல் முழுதும் ஒருங்கே பற்றி, பிஸ்டன் தலையில் சம்மட்டி கொண்டு அடித்தாற்போல் மோதும். எஞ்சின் குளிர்ந்திருக்குங்கால் தாமதம் மிகும். ஆகவே விடியற்காலையில் ஒலி மிகுதலும், ஓடிச் சூடேறியபின் தணிதலும் நோயல்ல. சூடேறியும் தணியாதாயின், நாசில் சொட்டுகின்றதோ, பம்பின் டைமிங் முந்திவிட்டதோ, டீசல் கெட்டதோ என்று ஆராய்க. டீசலின் சீட்டேன் எண் 51க்குக் குறையலாகாதென்பது நம் நாட்டு விதி. மலிவு கருதி மண்ணெண்ணெய் கலந்ததை ஊற்றுவோர் பம்புக்கும் நாசிலுக்கும் வேண்டிய வழவழப்பையும் இழக்கின்றனர்.

பேரிங்கின் ஒலி இதற்கு நேர்மாறானது. எஞ்சின் சூடேற ஆயில் இளகும். ஆயில் இளக ஒலி வளரும். ஆயில் அழுத்தங் காட்டும் முள்ளும் இறங்கும். ஒலி வளர்தலும் முள் இறங்குதலும் சேர்ந்து தோன்றின், உளுந்தூர்ப்பேட்டை வரையிலாவது போய்விடலாமென்று எண்ணாது, நின்றவிடத்தே எஞ்சினை நிறுத்துக. கனெக்டிங் ராடின் பேரிங், வேகத்தை உயர்த்தி ஆக்ஸிலேட்டரை விடுங்கணத்தில் கடகடக்கும். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங், பாரத்தோடு மேடேறுகையில் கனத்து முழங்கும். தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் அடிப்பது, குளிரில் தோன்றிச் சூட்டில் அடங்கும். டாப்பெட்டின் ஒலியோ மெல்லிது. கிராங்கின் பாதி வேகத்திலேயே அடிக்கும்.

‘டக்டக்’, ‘டங்டங்’, ‘கிளிக்கிளிக்’ என்று டிரைவர் சொல்லக் கேட்டுச் சில மெக்கானிக்குகள் நகைப்பர். இவற்றைத்தான் நம் இலக்கணம் இரட்டைக்கிளவி என்று பெயரிட்டுப் போற்றியிருக்கிறது. நாள்தோறும் அவ்வண்டியின்மேல் அமர்ந்திருப்பவன் வாய்ச்சொல்லை அவர்கள் பொறுமையாய்க் கேட்பாராயின் பாதி வேலை முடிந்துவிடும்.

இனி, எந்தச் சிலிண்டர் என்று அறிதல். பழைய பம்பு வண்டிகளில், எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, நாசிலுக்குச் செல்லும் குழாய் நட்டை ஒவ்வொன்றாய்த் தளர்த்தி இறுக்குவர். எதனைத் தளர்த்தும்போது ஒலி அடங்குகிறதோ, அச்சிலிண்டரிலேதான் குற்றம். ஆனால் பேரிங்கின் ஒலியும் அப்பொழுது குறையுமாதலின், சூட்டில் வளர்கிறதா தணிகிறதா என்னும் முற்கூறிய சோதனையையுஞ் சேர்த்தே முடிவு செய்க. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். ஊசிமுனையளவு காயமாயினும் உடனே மருத்துவரிடஞ் செல்லல் வேண்டும். காமன் ரெயில் வண்டிகளில் இவ்வேலை கூடவே கூடாது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்பெறும் பி.எஸ். 6 லாரிகள் பெரும்பாலும் இவ்வகையின. குழாயின் அழுத்தம் 1,000 பாருக்கு மேற்படும். அவற்றில் ஸ்கேனர் கொண்டு சிலிண்டரை ஒவ்வொன்றாய் நிறுத்திப் பார்க்கலாம்.

ஒலி பிறக்குமிடத்தைக் காண, நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் ஊன்றிப் பிடியைக் காதோரம் வைப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமுமாம். மேல்துண்டை முன்னரே களைந்துவிடுக. விசிறியும் பெல்ட்டும் யாரென்று பாரா.

இத்தனைக்கும் பின்னர் பேரிங்கே என்று தோன்றினாலும், எஞ்சினை இறக்கச் சம்மதிக்குமுன் ஆயில் பில்டரை அறுத்துத் தரச் சொல்லுங்கள். அதன் மடிப்புகளில் செம்பு நிறத்துகள் மின்னினால் பேரிங் தேய்ந்தது மெய், சம்மதிக்கலாம். அறுத்த பில்டர் இரண்டு கொணர்ந்திருக்கிறேன். ஒன்றில் துகளுண்டு, ஒன்றில் இல்லை. இளைஞர்கள் முன்வந்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கலாம்.