மூன்று ரூபாய்ப் பங்கு
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது கல்விநிதியில் ஒரு பகுதியைச் சிறு கம்பெனிப் பங்குகளில் இடலாமென்று சென்ற கூட்டத்தில் இளைஞர் சிலர் உரைத்தனர். பங்கொன்று மூன்று ரூபாயே. அஃது ஆறாகாதோ என்பது அவர்தம் வாதம். இலக்கணம் போதிக்கும் நாம் இவ்விஷயத்தில் வாய் திறப்பானேன் எனின், பட்டறிவு உண்டு.

விலை குறைந்தது மலிவாகிவிடாது. மூன்று ரூபாய்ப் பங்குகள் நூறு கோடி வெளியிட்ட கம்பெனி முந்நூறு கோடிக்கு விலை பேசப்படுகின்றது. அதன் இலாபமோ பூஜ்யமாயிருக்கலாம். இத்தகைய பங்குகளில் வியாபாரம் சொற்பமாதலின், சிலர் கூடித் தமக்குள்ளேயே வாங்கி விற்று விலையை ஏற்றுதல் எளிது. பிறகு பெரிய ஒப்பந்தம் கிடைத்ததென்று செய்தி பரவும். நாம் வாங்குவோம், அவர்கள் விற்பார்கள். 2022-ல் யூடியூப் காணொளிகளால் பொய்ச்செய்தி பரப்பி இவ்வாறு விற்றதாகச் சிலரை, 2023 மார்ச்சில் செபி இடைக்கால ஆணையால் சந்தையினின்று விலக்கிவைத்தது.

இறங்குங்கால் நேர்வது இன்னுங் கொடிது. நாளொன்றுக்கு நூற்றுக்கு 5 என வரம்பிட்ட பங்கு அக்கீழெல்லையைத் தொட்டால், வாங்குவார் இரார். 14 நாள் அவ்வாறு கழியின் நூறு ரூபாய் 49-க்குங் குறையும். நாம் இருபதினாயிரம் இட்டுவிட்டு, காலைதோறும் விற்கச் சொல்லி, மாலைதோறும் ஒரு பங்கும் விலைபோகாமை கண்டோம். அந்நாட்களில் வகுப்பில் நடத்திய புணர்ச்சிவிதி நமக்கே விளங்கவில்லை!

ஜூன் மாதத்திற் பிள்ளைகட்குக் கட்டணம் செலுத்தவேண்டும். அன்று விற்க இயலாத பொருளை நிதியென்று கணக்கில் எழுத நாம் உடன்படோம். அது பாங்கி வைப்பிலேயே இருக்கட்டும். இளைஞர் தம் சொந்தப் பணத்தை இடுவரேல், அஃது அவர் விருப்பம்.